மலையைக் கண்டவர் மொழியைக் கண்டாரிலர்!

நிலம் வேறு, மொழி வேறு என்று பிரித்துப் பார்க்கின்ற கண் அடிமையின் கண். அன்றேல் அடிமைப்படுத்துகின்றவனின் கண். ஒரு மலைக்கு முதன்முதல் பெயரிட்டவன் எவனோ, அவன் நாவில் இருந்த மொழியே அம்மலைக்குரிய உரிமை முறி. அம்மொழியை அகற்றிவிட்டு மலையை மட்டும் காட்டுவது, ஒருவனைக் கொன்றுவிட்டு அவன் உடையை மாட்டி வைத்து அழகு பார்ப்பதற்கு ஒப்பாகும். இவ்வுண்மையை நிறுவுவதற்குப் பழைய செப்பேடுகளைத் தேடிப்போக வேண்டுவதில்லை. ஒரு தொலைக்காட்சித் துப்பறி தொடரும், அது படம் பிடிக்கப்பெற்ற இடங்களுமே போதும்.

பிரித்தானியத் தீவின் மேலைப் பகுதியாகிய வேல்சு நாட்டில், கெரெடிகியோன் என்னும் கடலோர மாவட்டத்தில் படம் பிடிக்கப்பெற்றது அத்தொடர். 2013-ஆம் ஆண்டு அக்தோபர் 29-ஆம் நாள், வேல்சு மொழித் தொலைக்காட்சியாகிய எசு-4-சி-யில் அது முதன்முதல் ஒளிபரப்பாயிற்று. 2016 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. தன் துயரைத் தன்னுள்ளேயே புதைத்துக்கொண்டு குற்றங்களைத் துலக்கும் காவல் ஆய்வாளர் மத்தியாசு என்பவராக இரிச்சர்டு ஆரிங்டன் நடித்தார். அவருக்கு அடுத்த நிலை அலுவலராக மாலி ஆரிசு நடித்தார்.

வேல்சு மொழியில் அத்தொடரின் பெயர் 'அ குவில்'. அந்தியிருள் என்பது அதன் பொருள். வெளியுலகிற்கு விற்கப்பெற்ற ஆங்கிலப் படிக்கோ 'இன்டர்லேண்டு' என்று பெயர் சூட்டினர். அச்சொல் ஆங்கிலமும் அன்று. செருமானிய மொழியினின்று ஆங்கிலம் எடுத்துக்கொண்ட சொல். கரைக்கும் துறைமுகத்திற்கும் பின்னால் கிடக்கின்ற நிலம் என்று அதற்குப் பொருள். எவனுக்குப் பின்னால்? எவனுடைய துறைமுகத்திற்குப் பின்னால்? அங்கேயே பிறந்து, அங்கேயே ஆடு மேய்த்து, அங்கேயே மண்ணாகின்றவனுக்கு அது பின்நிலம் அன்று. முன்நிலமும் நடுநிலமும் அதுவே. ஒரே தொடர், உள்ளூரான் வாயில் அது பொழுது சாய்கின்ற வேளை, வெளியான் வாயில் அது யாருக்கோ பின்புறம். பெயரிடுகின்ற உரிமை கைமாறும்போது பார்வையும் உடன் கைமாறி விடுகின்றது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமா?

இனி, அவ்விடங்களைக் காண்போம். அத்தொடரின் ஆற்றலில் பாதி கதையில் இருக்கிறதென்றால், மறுபாதி அது நிகழும் நிலத்தில் இருக்கிறது. அங்கே பெருநகரின் ஒளிவெள்ளம் இல்லை. மழையில் நனையும் ஆட்டுப் பட்டிகளும், தனித்து நிற்கும் கல்வீடுகளும், மரமற்ற புல்மேடுகளும், சாம்பல் நிறக் கடலுமே அங்குள்ளவை. இவற்றைக் கண்ட வெளிநாட்டார் பலர், 'அந்த மலை எங்கே உள்ளது? அந்தப் பாலம் எங்கே உள்ளது?' என்று வினவி, பட்டியலிட்டு, படம் பிடிக்கும் கருவியும் கையுமாகப் புறப்பட்டுச் செல்கின்றனர். செல்லட்டும். ஆனால், சென்று காண்பது எதை?

நடுவிடமாக அமைவது அபெரிசுத்வித்து என்னும் கடற்கரை நகரம். 'அபெர்' என்றால் கழிமுகம். இசுத்வித்து ஆற்றின் கழிமுகம் என்பதே ஊரின் பெயர். கடற்கரைச் சாலையில் நிற்கின்ற பழைய மாவட்ட ஆட்சி அலுவலகக் கட்டடமே படத்தில் காவல் நிலையமாகக் காட்டப்பெறுகின்றது. நகரினின்று உள்நாட்டுப் பக்கம் ஏறத்தாழ 12 கல் தொலைவில், ஆழ்ந்த பள்ளத்தாக்கின் மேல் ஒரு வியத்தகு பாலம் உண்டு. பாலம் என்பதினும் பாலங்கள் என்பதே சரி. இடைக்காலத்தில் கட்டப்பெற்றதன் மேல் 1753-இல் ஒன்றும், அதன் மேல் 1901-இல் இன்னொன்றுமாக, ஒன்றன்மேல் ஒன்றாய் மூன்று. தொடரின் முதற்கதை இங்குத்தான் நிகழ்கின்றது. அங்குள்ள பழைய விடுதிக் கட்டடமே கதையில் வரும் குழந்தைகள் இல்லம். முன்னொரு நாள் சிறுவர்க்கு இழைக்கப்பெற்ற கொடுமை பின்னொரு நாள் கொலையாய் வெளிப்படுவதை அக்கதை சொல்கின்றது.

அவ்வூரின் பெயர் வேல்சு மொழியில் பொண்டர்வனாக். மனாக்கு என்னும் ஆற்றின் மேலுள்ள பாலம் என்பது பொருள். மனாக்கு என்பது துறவியைக் குறிக்கும் சொல். ஆங்கிலத்திலோ அதற்கு 'அலகையின் பாலம்' என்று பொருள்படும் பெயர். அலகை வந்து பாலம் கட்டித் தந்ததென்றும், முதலில் கடக்கும் உயிரைக் கூலியாய்க் கேட்டதென்றும், ஒரு கிழவி அப்பத்தை எறிந்து நாயை ஓடவிட்டு அலகையை ஏய்த்தாள் என்றும் ஒரு நாட்டுக்கதை உண்டு. ஆனால் வேல்சு மக்கள் தம் ஊருக்குப் பெயராக வைத்துக்கொண்டவை ஆறும் பாலமுமே. வெளியிலிருந்து வந்தவனுக்கு ஆறு வேண்டியதில்லை, துறவியும் வேண்டியதில்லை, அலகை ஒன்றே போதும். ஓர் ஊர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் பெயருக்கும், அதனை வேடிக்கை பார்ப்பவன் சூட்டும் பெயருக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இன்னும் சற்று உள்ளே சென்றால் நந்தமோக் என்னும் நீர்த்தேக்கம். பன்றிகளின் ஓடை என்பது பெயர்ப்பொருள். படத்தில் அதன் கரை வெறுமையின் இலக்கணமாகத் தோன்றுகின்றது. ஆனால் அந்நீர் வெறுமையின் மேல் நிற்கவில்லை. 1964-இல் நீர்மின் திட்டத்திற்காக அணை எழுந்தபோது, அப்பெயர் கொண்ட சிற்றூரும் அதன் வழிபாட்டுக் கூடமும் நீருள் மூழ்கின. அதன் அருகிலுள்ள மலைச்சரிவில்தான், 1401-ஆம் ஆண்டு, ஓவைன் கிலிந்தூர் என்னும் வேல்சு விடுதலை மறவன், தன்னினும் மிகுந்த படையை முறியடித்தான். காட்சிக் கருவிக்கு இவையெல்லாம் தெரியா. அதற்குத் தெரிவது நீரும் முகிலும்தான். அந்நீரின் அடியில் வீடுகள் உள்ளன என்பதைச் சொல்லவல்லது அந்நிலத்தின் மொழி ஒன்றே.

கடலோரமாக வடக்கே சென்றால் போர்த்தும் அனிசுலாசும். பின்னதன் மணல்மேடுகளும், முன்னதன் நீண்ட கரையும் தொடரில் காணக்கூடியவை. கடல் வற்றும் வேளையில் அக்கரையில் பழங்காட்டின் அடிமரக் கட்டைகள் தலைகாட்டும். அவை ஏறத்தாழ நாலாயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முற்பட்டவை. அக்கடலுள் ஒரு செழுநாடு மூழ்கிக் கிடக்கின்றதென்றும், கடற்கதவைக் காக்க வேண்டியவன் குடித்து மயங்கியதால் இரவோடிரவாகக் கடல் புகுந்ததென்றும் வேல்சு மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். கடல்கொண்ட நிலத்தின் நினைவு தமிழர்க்குப் புதிதன்று. ஆகலின் அக்கதையின் உட்பொருளும் நமக்கு எளிதில் விளங்கும். கதவு உடைந்ததால் நாடு அழியவில்லை. காவலன் மயங்கியதால் அழிந்தது.

இவ்விடங்களையெல்லாம் காட்டிய அத்தொடர் படமாக்கப்பெற்ற முறையை இனிக் கருதுக. ஒவ்வொரு காட்சியும் இருமுறை எடுக்கப்பெற்றது. அதே நடிகர், அதே மழை, அதே பிணம். ஒருமுறை வேல்சு மொழியில், ஒருமுறை ஆங்கிலத்தில். வேல்சு மொழிப் படி அம்மொழித் தொலைக்காட்சிக்கு. ஆங்கிலமே மிகுந்து இடையிடையே சிறிது வேல்சு மொழி கலந்த படி, 2014-இல் பி.பி.சி.க்கும் வெளியுலகிற்கும். இம்முறை இத்தொடரோடு நிற்கவில்லை. 2017-இல் வெளிவந்து, இலார்ன் என்னும் கழிமுக ஊரைக் காட்டிய தொடரும், 2018-இல் வடவேல்சின் மலைப்புறத்தைக் காட்டிய 'கிரைத்து' என்னும் தொடரும் இவ்வாறே இருமுறை எடுக்கப்பெற்றன.

இம்முறையை யாம் முற்றாகப் பழிக்கவில்லை. வேல்சு மொழியில் ஒரு காட்சியும் எடுக்கப்பெறாத காலத்தை நோக்க, இஃதொரு பெரும் முன்னேற்றமே. அம்மொழியறிந்த நடிகர்க்கும் எழுத்தாளர்க்கும் தொழிலாளர்க்கும் இது சோறிட்டது. ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். வேல்சு நாட்டுக் காவலர், வேல்சு நாட்டு மலையில், வேல்சு நாட்டு உழவனிடம், வேல்சு மொழியில் வினவுவது இயல்பு. அதையே மறுபடி ஆங்கிலத்தில் வினவிக் காட்டுவது எவருக்காக? 'எங்கள் மொழியை நீங்கள் எழுத்தாய்க் கூடப் படிக்க வேண்டாம். உங்கட்காக நாங்களே நாவை மாற்றிக்கொள்கிறோம்' என்று வலியச் சென்று கும்பிடுவதன்றி இது வேறென்ன?

'வணிகம் ஐயா, வணிகம்! ஆங்கிலம் இன்றி வெளியுலகில் எவன் வாங்குவான்?' என்பர். இவ்விடை பொருத்தமானதா என்று பார்ப்போம். 2007-இல் தென்மார்க்கு நாட்டார் தம் தலைநகரில், தம் தேனிய மொழியில், ஒரு கொலைவழக்குத் தொடரை எடுத்தனர். 2011-இல் அதே பிரித்தானியாவின் பி.பி.சி. அதனை வாங்கி, ஆங்கில எழுத்துகளை அடியில் ஓடவிட்டு, தேனிய மொழியிலேயே ஒளிபரப்பியது. ஆங்கிலர் அதனை விரும்பிப் பார்த்தனர். அப்போது எவரும், 'தேனியம் எமக்கு விளங்காது. ஆங்கிலத்தில் இன்னொரு முறை எடுத்து வா' என்று தென்மார்க்கை மிரட்டவில்லை. தேனியம் பேசுவோர் ஏறத்தாழ அறுபது நூறாயிரவர், சிறு மொழிதான். எனினும் அதற்கு ஓர் அரசு உண்டு. வேல்சு மொழிக்குத் தனியரசு இல்லை. கடல் கடந்த மொழியை அடியெழுத்தோடு படிக்க அணியமாயிருக்கும் ஆங்கிலன், தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஆயிரத்து நானூறு ஆண்டுகட்கு மேலாக வழங்கும் மொழியைக் கேட்க அணியமாயில்லை என்றால், குறை காதில் இல்லை. ஆளும் மொழி என்னும் செருக்கில் இருக்கிறது. அச்செருக்குக்கு முன்னரே பணிந்துவிடும் விற்பனையாளன் மனத்திலும் இருக்கிறது.

இதற்கும் மேல் ஒரு சான்றுண்டு. 2022-இல் எசு-4-சி, 'மின்னலைப் பிடி' என்று பொருள்படும் பெயருடைய ஒரு குற்றத் தொடரை வேல்சு மொழியில் மட்டும் எடுத்து வெளியிட்டது. இரட்டைப் படி இல்லை. ஆங்கிலக் காவடி இல்லை. 2023-இல் நெட்பிளிக்சு நிறுவனம் அதனை அப்படியே, வேல்சு மொழியிலேயே, அடியெழுத்தோடு ஏற்றுக்கொண்டது. நெட்பிளிக்சில் முழுதும் வேல்சு மொழியில் அமைந்து இடம்பெற்ற முதல் தொடர் அதுவே. வானம் இடிந்து விழுந்ததா? வணிகம் மூழ்கிற்றா? 'முடியாது' என்று சொல்லி வந்ததெல்லாம் 'துணிவில்லை' என்பதன் மறுபெயர் என்பதை அந்த ஒரு தொடரே மெய்ப்பித்துவிட்டது.

துப்பறி தொடரைப் பற்றிப் பேசுகின்றோம். அப்படியாயின் உண்மையான குற்றம் எது, குற்றவாளி யார் என்பதையும் துலக்கிவிடுவோம். 1536-ஆம் ஆண்டு, இலண்டன் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், வேல்சு நாட்டில் ஆங்கிலம் பேசாதவன் எவனும் அரசுப் பதவி வகிக்கலாகாது என்றது. வழக்குமன்றங்கள் ஆங்கிலத்திலேயே நடைபெற வேண்டும் என்றது. 1847-இல் வேல்சு மொழி அறியாத ஆங்கிலர் மூவர் அந்நாட்டுப் பள்ளிகளை ஆய்ந்து, அம்மொழியே மக்களின் அறியாமைக்கும் ஒழுக்கக் கேட்டிற்கும் வேர் என்று அரசுக்கு அறிக்கை எழுதினர். அந்நூற்றாண்டில் பள்ளிகள் பலவற்றில், தாய்மொழியில் பேசிய சிறுவனின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிட்டனர். அடுத்துப் பேசுகின்றவனைக் காட்டிக்கொடுத்து அவன் கழுத்திற்கு அதனை மாற்றலாம். நாள் முடிவில் அஃது எவன் கழுத்தில் கிடந்ததோ அவனுக்கு அடி. குழந்தையையே உளவனாக்கும் கயமை! இதுவே முதற்குற்றம். நாட்டின் பெயரிலும் இக்குற்றத்தின் தழும்பு உண்டு: 'வேல்சு' என்பது பழைய ஆங்கிலர் இட்ட பெயர், அயலார் என்பது அதன் பொருள். அம்மக்கள் தம் நாட்டைக் 'கம்ரி' என்பர். உடன்நாட்டார் என்பது அதன் கருத்து. சொந்த மண்ணில் இருப்பவனை, வந்தேறியவன் அயலான் என்று அழைத்தான். அப்பெயரே உலகில் நிலைத்தது.

மொழி தேய்ந்த கணக்கும் கையிலுண்டு. 1911-இல் வேல்சு மக்களுள் 43.5 விழுக்காட்டினர் அம்மொழி பேசினர். 2021-இல் 17.8 விழுக்காட்டினர், ஏறத்தாழ ஐந்து நூறாயிரத்து முப்பத்தெண்ணாயிரவர். இத்தொடரின் களமாகிய கெரெடிகியோனில் 2001-இல் 52 விழுக்காடாக இருந்தது 2011-இல் 47.3 ஆயிற்று, 2021-இல் 45.3 ஆயிற்று. பாதிக்கு மேல் இருந்தது பாதிக்குக் கீழ் சென்றுவிட்டது. அவ்விடங்களைத் தேடிச் சென்று படம் பிடித்து வருகின்றவர்களுள் எத்தனை பேர் இவ்வெண்களை அறிவர்?

இனி அந்தக் காவல் நிலையத்திற்கு வருவோம். அத்தொடரில் அபெரிசுத்வித்துக் காவலர் வேல்சு மொழியில் வினவுகின்றனர். வேல்சு மொழியில் எழுதுகின்றனர். அது வானத்திலிருந்து விழுந்த உரிமையன்று. 1962-இல் அதே நகரில், பின்னாளில் எழுத்தாளராக விளங்கிய கேரத்து மைல்சு என்னும் இளைஞர், மிதிவண்டியில் இருவராய்ச் சென்றதற்காகப் பிடிக்கப்பெற்றார். அழைப்பாணை ஆங்கிலத்தில் மட்டுமே வந்தது. 'என் மொழியில் கொடு. வருகிறேன்' என்றார் அவர். சிறையில் ஓரிரவு கழித்தார். அவ்வாண்டு பெப்பிரவரி 13-ஆம் நாள், எழுத்தாளர் சாண்டர்சு இலூயிசு வானொலியில் உரையாற்றி, இந்நிலை நீடிப்பின் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்சு மொழி வாழும் மொழியாக இராது என்று எச்சரித்தார். அவ்வுரையைக் கேட்ட இளைஞர்கள் வேல்சு மொழிக் கழகத்தை அமைத்தனர். 1963-ஆம் ஆண்டு பெப்பிரவரி 2-ஆம் நாள், அபெரிசுத்வித்து அஞ்சலகத்தின் சுவரில் மொழியுரிமைத் தாள்களை ஒட்டினர். பின்னர் அந்நகரின் திரெவெக்கன் பாலத்தின் மேல் அமர்ந்து போக்குவரத்தை மறித்தனர். தம்மைச் சிறைப்பிடிக்க வேண்டும், அழைப்பாணையைத் தம் மொழியில் தரவேண்டும் என்பதே அவர்கள் விரும்பியது. காவலர் அவர்களைச் சிறைப்பிடிக்கவில்லை. ஆனால் அன்று பற்றிய தீ அணையவில்லை. 1967-இல் வழக்குமன்றத்தில் அம்மொழி பேசும் உரிமை சட்டமாயிற்று; 1993-இல் உரிமை விரிந்தது; 2011-இல் அது வேல்சின் ஆட்சிமொழி என்னும் நிலை பெற்றது.

1963-இல் அழைப்பாணையைத் தம் மொழியில் கேட்டுத் தெருவில் அமர்ந்தனர் இளைஞர். சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 2013-இல், அதே நகரில் தொலைக்காட்சிக் காவலர் அம்மொழியில் பேசினார். இடந்தேடிச் செல்வோர் கைகளில் வைத்திருக்கும் பட்டியலில் பழைய அலுவலகக் கட்டடம் இருக்கிறது. மூன்றடுக்குப் பாலம் இருக்கிறது. திரெவெக்கன் பாலம் இருக்கின்றதா? அந்தப் பாலத்தில் அமர்ந்தவர்கள் இல்லையேல் அந்தக் காவல் நிலையக் காட்சியே இல்லை. அத்தொடரின் முதற்காட்சி எடுக்கப்பெற்ற இடம் அதுவே என்போம்.

அத்தொலைக்காட்சி தோன்றியதும் அவ்வாறே. 1979 தேர்தலின்போது, புதிதாக வரவிருந்த நான்காம் அலைவரிசையை வேல்சு நாட்டில் வேல்சு மொழிக்கு ஒதுக்குவதாகச் சொன்ன கட்சி, ஆட்சிக்கு வந்த சில திங்களில் சொல்லை விழுங்கிற்று. அவ்வாண்டு அக்தோபரில் பென்னார் தேவீசு, மெரெதித்து எவன்சு, நெட்டு தாமசு என்னும் அறிஞர் மூவர், பெங்காரெக்கு ஒளிபரப்புக் கோபுரத்தினுள் புகுந்து கருவியை நிறுத்தினர். தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தைக் கட்ட மறுத்து மக்கள் பலர் வழக்கும் சிறையும் ஏற்றனர். வேல்சுக் கட்சித் தலைவர் குவின்வோர் எவன்சு, சொன்ன சொல்லைக் காவாவிடில் 1980 அக்தோபர் 6-ஆம் நாள் தொடங்கிச் சாகும்வரை உண்ணாநோன்பு இருப்பேன் என்று அறிவித்தார். செப்தம்பரில் அரசு பணிந்தது. 1982 நவம்பர் முதல் நாள் எசு-4-சி ஒளிபரப்பைத் தொடங்கியது. தமிழ்நாடு என்னும் பெயருக்காக 1956-இல் 76 நாள் உண்ணாது கிடந்து உயிர்நீத்த சங்கரலிங்கனாரை ஈன்ற இனத்திற்கு, அந்நோன்பு அறிவிப்பின் எடையை எவரும் விளக்கத் தேவையில்லை. ஒரு முதியவர் தம் உயிரைத் துலாக்கோலில் வைத்ததால் கிடைத்தது அவ்வலைவரிசை. அதில் எடுக்கப்பெற்ற தொடரை, அம்மொழியைக் களைந்துவிட்டுக் கண்டுகளிப்பது, விதைத்தவனை வரப்பில் நிறுத்திவிட்டு விளைச்சலை அள்ளிச் செல்வதாகும்.

இடம் புகழ்பெற்றால் ஊருக்கு வருவாய் என்பர். வருவாய் வரும், மறுக்கவில்லை. ஆனால் அழகிய கரையும் அமைதியான மலையும் கண்டு வருகின்றவர்களுள் செல்வர் சிலர் அங்கேயே வீடும் வாங்கிவிடுகின்றனர். ஆண்டில் சில கிழமை வந்து தங்கும் இரண்டாம் வீடுகள் பெருகப் பெருக, அவ்வூரில் பிறந்த இளையோர்க்கு வீட்டு விலை எட்டாமற் போகின்றது. அவர்கள் பிழைப்புத் தேடி வெளியேறுகின்றனர். அவர்களோடு மொழியும் வெளியேறுகின்றது. இத்தொடர்தான் அதற்குக் கரணியம் என்று யாம் கூறவில்லை. அந்நோய் அதற்கு நெடுநாள் முந்தியது. ஆயினும் நிலத்தை மட்டும் விளம்பரம் செய்து மொழியை மறைத்து வைக்கும் எவரும் அந்நோய்க்கு உரமிடுகின்றனர். இத்தகைய வீடுகளின் மேல் வழக்கமான வரிக்கு மேலாக 300 விழுக்காடு வரை மிகைவரி விதிக்கும் உரிமையை 2023 ஏப்பிரல் முதல் வேல்சு அரசு ஊராட்சிகட்கு வழங்கியிருப்பதே, நோய் எத்துணை முற்றியது என்பதற்குச் சான்று.

அம்மக்கள் விழித்துக்கொண்டமைக்கும் சான்றுண்டு. 2022 நவம்பரில், வேல்சின் உயர்ந்த மலையையும் அதனைச் சூழ்ந்த காப்பிடத்தையும் இனி ஆங்கிலப் பெயரால் அழையாமல், அர் வித்வா, எரரி என்னும் தம் பெயர்களாலேயே அழைப்பதென்று அதன் ஆட்சியமைப்பு முடிவு செய்தது. 2023 ஏப்பிரலில் தென்பகுதி மலைக் காப்பிடமும் பன்னை பிரகைனியோக் என்னும் தன் பெயரையே முதன்மைப்படுத்தியது. 'எங்களால் ஒலிக்க முடியவில்லையே!' என்று சிலர் முணுமுணுத்தனர். ஒலிக்கக் கற்றுக்கொள்! மலை ஏறும் கால் வலியைப் பொறுப்பவன், அம்மலையின் பெயரைச் சொல்லும் நாவலியைப் பொறுக்கலாகாதோ?

ஆகவே, துப்பறி தொடரின் இடங்களைத் தேடுவோர்க்கு யாம் சொல்வது இது. இடத்தைத் தேடுக; ஆனால் முதலில் அதன் பெயரைத் தேடுக. அப்பெயரின் பொருளை, அப்பெயரை இட்டவர் பேசும் மொழியிலேயே கேட்டறிக. தொடரைக் காண்பதாயின் 'அ குவில்' என்னும் படியையே தேடிக் காண்க. அடியெழுத்தைப் படிப்பதால் எவர் கண்ணும் கெட்டுவிடாது. எடுப்போர்க்கும் ஒன்று சொல்வோம். இரட்டை நாவால் பேசி ஒரு நாவை விற்க வேண்டா. மின்னலைப் பிடித்தவர்கள் வழிகாட்டி விட்டனர், அவ்வழியே செல்க.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தன் மண்ணைத் தன் மொழியில் காட்டத் துணியாதவன், அம்மண்ணைப் பிறன் மொழியில் பிறனுக்கே எழுதிக் கொடுக்கின்றான். போர்த்துக் கரையில் மூழ்கிய காட்டின் கட்டைகள் கடல் வற்றும்போதெல்லாம் தலைதூக்கிச் சொல்வது இதுதான்: கதவு வலியதாய் இருந்து பயனில்லை; காவலன் விழித்திருக்க வேண்டும். மொழியே ஒரு நாட்டின் கடற்கதவு. அதன் காவலர் அதனைப் பேசுகின்ற ஒவ்வொருவருமே. அவர் மயங்கினால் மலை நிற்கும், பாலம் நிற்கும், அருவி ஓடும். அவற்றைத் தம்முடையவை என்று சொல்வதற்குரிய நா மட்டும் இராது!